உஷார்! உங்கள் சர்வருக்குள் ‘எர்ரர் 24’ ஏறிக்கொண்டிருக்கிறது

டிஸ்கில் பாதிக்கு மேல் இடம் காலி. ராம் மிச்சம். சிபியு சும்மா கிடக்கிறது. வைரஸும் இல்லை. ஆனாலும் பில் போட முடியவில்லை. இ-வே பில் எடுக்க முடியவில்லை. நூல் ஏற்றிய லாரி மில் கேட்டைத் தாண்ட முடியாமல் நிற்கிறது. வேடசந்தூர் பக்கத்து ஸ்பின்னிங் மில்லோ, திண்டுக்கல் மெயின் ரோட்டு ஜவுளிக்கடையோ, ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டியோ, திருச்சி ரோட்டு ஆஸ்பத்திரியோ, சர்வர் என்று ஒன்றை வைத்திருக்கும் யார் வீட்டு வாசலுக்கும் இந்தக் கோளாறு வரும். பல இடங்களில் ஏற்கெனவே வந்துவிட்டது. ரீஸ்டார்ட் பண்ணிப் பண்ணி அமுக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வழக்கமாக இந்தப் பேச்சு எப்படிப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

“தம்பி, சிஸ்டம் மறுபடி நின்னுபோச்சுப்பா. லாரி டிரைவர் கேட்ல கத்துறான்.”

“நெட்டு போயிருக்கும் சார். எதுக்கும் ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

“பண்ணிட்டேன். ஆங்... வந்துருச்சு, வந்துருச்சு.”

“அவ்ளோதான் சார்.”

அவ்வளவுதான் இல்லை சார். இனிமேல்தான் இருக்கிறது.

சர்வரில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரே சமயத்தில் இத்தனை ஃபைலைத்தான் திறந்து வைத்திருக்கலாம் என்று ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒரு வரம்பு போட்டிருக்கிறது. ஒரு ஃபைலைத் திறந்தால் ஒரு எண் கொடுக்கும். அதற்குப் பெயர் ஃபைல் ஹேண்டில். மூடினால் அந்த எண்ணைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்தவருக்குக் கொடுக்கும். லினக்ஸில் பெரும்பாலான புரோகிராம்களுக்கு ஆரம்ப வரம்பு 1024. ஃபைல் என்றால் எக்செல், பிடிஎஃப் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். டேட்டாபேஸோடு போட்ட இணைப்பு ஒரு ஹேண்டில். பில்லிங் கவுன்ட்டரிலிருந்து வரும் இணைப்பு ஒரு ஹேண்டில். இ-இன்வாய்ஸ் போர்ட்டலோடு பேசப் போனால் அது ஒன்று. லாக் எழுதுவது ஒன்று. புரோகிராம் கண்விழித்ததுமே 0, 1, 2 என்று மூன்று எண்கள் போய்விடும். ஜாவா புரோகிராம் என்றால் லைப்ரரிகளைத் திறந்து உட்கார்வதற்குள் இன்னும் சில டஜன்கள் போய்விடும்.

தைப்பூசத்துக்குப் பழனியில் லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். ரூம் காலி, ஆள் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார், சாவி மட்டும் அவர் பையில். கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ரூம் இன்னும் ‘புக்’தான். பத்துப் பேர் அப்படிப் போனால் சமாளிக்கலாம். எல்லோருமே போனால், லாட்ஜ் முழுக்கக் காலியாக இருந்தும் வாசலில் ‘ரூம் இல்லை’ போர்டு தொங்கும். சர்வரில் தொங்கும் போர்டுக்கு ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’ என்று பெயர். அதன் எண் 24. லாகில் இந்த 24 தெரிந்தால் ஒரு புரோகிராம் தன் பங்கைத் தீர்த்துவிட்டது என்று அர்த்தம். 23 என்று தெரிந்தால் ஒட்டுமொத்த மெஷினுக்கே தீர்ந்துவிட்டது. இன்றைய லினக்ஸில் மொத்த வரம்பு மிகப் பெரியது என்பதால் 23 அபூர்வம். நம்மைக் கவிழ்ப்பது 24தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங் புரோகிராம், தமிழில் பில் அடிப்பதற்காக ஒவ்வொரு பில்லுக்கும் எழுத்துரு ஃபைலைத் திறக்கிறது, மூட மறந்துவிடுகிறது. நாளைக்கு 200 பில் என்று வையுங்கள். ஐந்தாம் நாள்தான் 1024 தொடும். தினமும் ராத்திரி கடை மூடும்போது சர்வரையும் அணைக்கிற பழக்கம் இருந்தால் அந்த ஐந்தாம் நாள் வரவே வராது. மாதக்கணக்கில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆடித் தள்ளுபடி வருகிறது. ஒரே நாளில் 1,100 பில். அன்று சாயங்காலம், கூட்டம் நெரியும் நேரத்தில், கவுன்ட்டர் எல்லாம் ஒன்றாகச் செத்துப்போகும். புரோகிராமில் அன்றைக்குப் புதிதாக எந்தக் கோளாறும் வரவில்லை. வியாபாரம் நன்றாக நடந்தது, அவ்வளவுதான். இந்தக் கோளாறு எப்போதும் நல்ல நாளாகப் பார்த்துத்தான் வரும்.

அது காட்டும் முகமும் பொய்முகம். ஹேண்டில் தீர்ந்த புரோகிராம் “ஹேண்டில் தீர்ந்துவிட்டது” என்று நேராகச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை ஓய்ந்தது. பல சமயம் அது சொல்லாது. இணையத்தில் ஒரு முகவரியைத் தேடவும் ஒரு ஹேண்டில் வேண்டும். அது கிடைக்காவிட்டால் ‘ஹோஸ்ட் தெரியவில்லை’ என்று வரும். உடனே நெட் கொடுத்தவருக்குப் போன் போட்டுச் சத்தம் போடுவோம். பாவம் அவர். பாதுகாப்புச் சான்றிதழ் ஃபைலைத் திறக்க முடியாவிட்டால் ‘எஸ்எஸ்எல் எர்ரர்’ என்று வரும். சான்றிதழ் காலாவதி என்று நினைத்துப் புதுசு வாங்கப் போவோம். டேபிளைத் திறக்க முடியாவிட்டால் டேட்டாபேஸ் கெட்டுவிட்டதாகத் தோன்றும். பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணிவிட்டு, நேற்றிலிருந்து இன்றுவரை போட்ட என்ட்ரிகளை நாமே அழிப்போம். மூன்றாவதுதான் உண்மையில் பயங்கரம். எர்ரர் 24 ஒரு டேட்டாவையும் அழிப்பதில்லை. பதற்றத்தில் ரீஸ்டோர் பட்டனை அழுத்தும் கைதான் அழிக்கும்.

இன்னொரு கொடுமை லாக். புது இணைப்பு வந்து வாசலில் நிற்கிறது, உள்ளே எடுக்க ஹேண்டில் இல்லை, எர்ரர் எழுதுகிறது; இணைப்பு இன்னும் நிற்கிறது, மறுபடி முயற்சி, மறுபடி எர்ரர். சரியாக எழுதப்படாத புரோகிராம் இப்படி நொடிக்கு ஆயிரக்கணக்கான வரிகளை லாகில் கொட்டும். ஒரு ராத்திரிக்குள் டிஸ்க் நிரம்பிவிடும். காலையில் வந்து பார்க்கிறவருக்கு “டிஸ்க் ஃபுல், அதனால்தான் நின்றது” என்று தோன்றும். லாகை டெலிட் பண்ணுவார். டெலிட் பண்ணியும் இடம் திரும்ப வராது. ஏனென்றால் அந்த ஃபைலை ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. அது மூடும்வரை லினக்ஸ் இடத்தை விடுவிக்காது. டிஎஃப் கமாண்ட் நிரம்பியிருக்கிறது என்று சொல்லும், டியூ கமாண்ட் காலி என்று சொல்லும். இரண்டும் சண்டை போட்டால் உடனே எல்எஸ்ஓஎஃப் கமாண்டில் ‘டெலிட்டட்’ என்று காட்டும் வரிகளைத் தேடுங்கள். திருடன் அங்கேதான் உட்கார்ந்திருப்பான்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. சிஸ்டம் நின்றவுடன் ரீஸ்டார்ட் பண்ணாதீர்கள். இரண்டே நிமிடம் பொறுங்கள். லாரி டிரைவர் கத்தட்டும். ரீஸ்டார்ட் பண்ணிய அடுத்த நொடி, எந்த ஃபைல் எத்தனை முறை திறந்து கிடந்தது என்ற சாட்சி முழுவதும் துடைக்கப்பட்டுவிடும். அதன்பின் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தவர் வந்து “எங்க சைடுல எல்லாம் ஓகே சார்” என்பார். நம்மிடம் பதில் இருக்காது.

அந்த இரண்டு நிமிடத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். செத்துக்கிடப்பது ஒரு புரோகிராம் மட்டும் என்பதால் சர்வரில் லாகின் பண்ண முடியும். நின்றுபோன புரோகிராமின் ப்ராசஸ் எண்ணைக் கண்டுபிடியுங்கள். ‘ப்ராக்’ டைரக்டரிக்குள் அந்த எண்ணில் ஒரு டைரக்டரி, அதற்குள் ‘எஃப்டி’ என்று இன்னொன்று இருக்கும். அதில் எத்தனை வரி என்று எண்ணினால் அதுதான் திறந்திருக்கும் ஹேண்டில்களின் எண்ணிக்கை. பக்கத்திலேயே ‘லிமிட்ஸ்’ என்ற ஃபைலில் ‘மேக்ஸ் ஓப்பன் ஃபைல்ஸ்’ வரியில் வரம்பு இருக்கும். இரண்டு எண்ணும் ஒட்டி நின்றால் நோய் உறுதி. பிறகு எல்எஸ்ஓஎஃப் கமாண்டை அந்த ப்ராசஸ் எண்ணோடு ஓட்டி, வருவதை ஒரு ஃபைலில் சேமித்து உங்கள் மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். சிரமமாக இருந்தால் செல்போனில் திரையைப் போட்டோ எடுங்கள், அதுவும் சாட்சிதான்.

அந்தப் பட்டியலைப் படிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. கண்ணை ஓடவிட்டால் போதும். ஆரம்பத்தில் சில டஜன் வரிகள் விதவிதமாக இருக்கும்: லைப்ரரி, லாக், டேட்டாபேஸ். அதற்குக் கீழே ஹேண்டில் எண் 87: லதா.டிடிஎஃப். 88: லதா.டிடிஎஃப். 89: லதா.டிடிஎஃப். பக்கம் பக்கமாக அதுவே 1023 வரை. (விண்டோஸோடு வந்த லதா எழுத்துரு லினக்ஸ் சர்வருக்குள் எப்படி வந்தது என்ற லைசென்ஸ் கதையை இன்னொரு நாள் பேசலாம்.) குற்றவாளி யார் என்று இதற்கு மேல் யாரும் சொல்லத் தேவையில்லை. பில் அடிக்கும் இடத்தில் ஃபைல் மூடப்படவில்லை. புரோகிராமருக்கு இது அரை மணி நேர வேலை. ஜாவாவில் 2011-ல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்தே திறந்ததைத் தானாக மூடும் வசதி இருக்கிறது. பைத்தானில் ‘வித்’ என்ற ஒரே சொல் அந்த வேலையைச் செய்கிறது. இவ்வளவு வசதி இருந்தும் ஏன் லீக் வருகிறது? வேலை சரியாக நடந்தால் மூடுகிற மாதிரிதான் எல்லோரும் எழுதுகிறார்கள். நடுவில் எர்ரர் வந்து வெளியே குதிக்கும் வழியில் மூடுவதற்கு ஆளில்லை.

பட்டியல் முழுக்க ஃபைலுக்குப் பதிலாக நெட்வொர்க் இணைப்புகளாக இருந்தால் கதை வேறு. நம் ஊருக்கு இதுதான் அதிகம் பொருந்தும். எஸ்எஸ் என்ற கமாண்ட் ஒவ்வொரு இணைப்பும் என்ன நிலையில் இருக்கிறது என்று காட்டும். ‘க்ளோஸ்-வெயிட்’ என்று வரிசையாக வந்தால், எதிர்முனை போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டது, நம் புரோகிராம்தான் மூடாமல் உட்கார்ந்திருக்கிறது. பழி முழுவதும் நம் புரோகிராம் மேல்தான். இதில் வாதாட இடமே இல்லை.

‘எஸ்டாப்’ (எஸ்டாப்ளிஷ்டு) என்று நூற்றுக்கணக்கில் வந்தால் கவனமாகப் பாருங்கள். மில்களில் கேட்டுக்கு ஒன்று, டிபார்ட்மென்டுக்கு ஒன்று என்று கைரேகை வருகைப்பதிவு மெஷின்கள் இருக்கும். அவற்றில் பல, சர்வரோடு இணைப்புப் போட்டு வைத்துக்கொண்டு ஆள் கைவைக்க வைக்கப் பதிவை அனுப்புகிறவை. கரண்ட் போகிறது. யுபிஎஸ்ஸில் இருக்கும் சர்வர் ஓடுகிறது; கேட்டில் இருக்கும் மெஷின் அணைந்துவிட்டது. அணைந்த மெஷின் ‘இணைப்பை மூடுகிறேன்’ என்று சொல்லவில்லை, சொல்ல அதற்கு உயிர் இல்லை. சர்வரோ, அந்த மெஷின் இன்னும் லைனில் இருக்கிறது என்று நம்பிக் காத்திருக்கிறது. கரண்ட் வந்ததும் மெஷின் புதிதாக ஒரு இணைப்புப் போடுகிறது. பழையது அப்படியே கிடக்கிறது. ஒவ்வொரு பவர் கட்டுக்கும், ஒவ்வொரு நெட்வொர்க் ஸ்விட்ச் ஆட்டத்துக்கும் மெஷினுக்கு ஒரு ஹேண்டில் செத்த கணக்கு. எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் ‘கீப்-அலைவ்’ வசதி லினக்ஸில் உண்டு. ஆனால் புரோகிராம் கேட்டால்தான் அது வேலை செய்யும். கேட்டாலும் முதல் தட்டலுக்கு இரண்டு மணி நேரம் பொறுக்கும் என்பதுதான் ஆரம்ப அமைப்பு. அந்த நேரத்தைச் சில நிமிடங்களாகக் குறைக்கச் சொல்லுங்கள். இதே வழியில்தான் கேமரா ரெக்கார்டர், எடை மெஷின், யுபிஎஸ் கண்காணிப்புப் பெட்டி என்று சர்வரோடு நிரந்தரமாகப் பேசிக்கொண்டிருக்கும் எல்லாமும் லீக் ஆக முடியும்.

இனி, “லிமிட்டை ஏத்திட்டோம் சார், இனிமே வராது” என்று சொல்பவர்களைப் பற்றி.

ஏற்றலாம், தப்பில்லை. நிஜமாகவே நிறையப் பேர் இணைகிற சர்வருக்கு 1024 போதாது. நடுவில் நின்று வாங்கிக் கொடுக்கும் என்ஜின்எக்ஸ் போன்ற புரோகிராமுக்கு ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு ஹேண்டில் வேண்டும்: அவரோடு ஒன்று, உள்ளே இருக்கும் சர்வரோடு ஒன்று. அங்கே வரம்பை உயர்த்தித்தான் ஆக வேண்டும். பிஆர்லிமிட் என்ற கமாண்ட், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நிறுத்தாமலேயே வரம்பைக் கூட்டித் தரும். லாரியை அனுப்பிவிட்டு நிதானமாகத் தேட அது நேரம் வாங்கிக் கொடுக்கும். ஆனால் லீக் இருக்கும் புரோகிராமுக்கு வரம்பை 1024-லிருந்து 65,536 ஆக்கினால் நோய் போகாது. ஐந்து நாளில் சாவது பத்து மாதத்தில் சாகும். அதற்குள் அந்த புரோகிராமை எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

ஏற்றியதாகச் சொல்வதும் பல சமயம் ஏறியிருக்காது என்பது தனிக் கூத்து. ‘லிமிட்ஸ்.கான்ஃப்’ என்ற ஃபைலில் எண்ணை மாற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அது ஆள் லாகின் பண்ணும்போதுதான் படிக்கப்படும். சர்வர் பூட் ஆகும்போது தானாகக் கிளம்பும் சர்வீஸ்களை சிஸ்டம்-டி நடத்துகிறது. அதற்கு அந்தச் சர்வீஸின் யூனிட் ஃபைலில் ‘லிமிட்-நோஃபைல்’ வரி தனியாக வேண்டும். லாகின் பண்ணி சோதித்தால் 65,536 என்று காட்டும், சர்வீஸ் இன்னும் 1024-லேயே ஓடும். நம்பாதீர்கள். ஓடும் ப்ராசஸின் ‘லிமிட்ஸ்’ ஃபைல் என்ன சொல்கிறதோ அதுதான் உண்மை.

“அப்படியென்றால் வரம்பே இல்லாமல் ‘இன்ஃபினிட்டி’ போட்டுவிடுங்கள்” என்றும் ஒரு கூட்டம் உண்டு. அது இன்னும் ஆபத்து. 2018 டிசம்பரில் வந்த சிஸ்டம்-டி 240 பதிப்பு, புரோகிராம் தானே கேட்டு ஏற்றிக்கொள்ளக்கூடிய மேல் வரம்பை 5,24,288 ஆக உயர்த்தியது. ஆனால் கேட்காமலே கிடைக்கும் சாதாரண வரம்பை மட்டும் வேண்டுமென்றே 1024-லேயே விட்டுவைத்தது. காரணம், ‘செலக்ட்’ என்ற பழைய முறையில் எழுதப்பட்ட புரோகிராம்கள் 1023-க்கு மேல் ஹேண்டில் எண் வந்தால் தங்கள் மெமரியைத் தாங்களே மிதித்துச் சாகும். அதே காலத்தில், கன்டெய்னர் நடத்தும் மென்பொருளில் ‘இன்ஃபினிட்டி’ என்று இருந்ததால் சில லினக்ஸ் பதிப்புகளில் வரம்பு நூறு கோடியைத் தாண்டிப் போனது. மைஎஸ்க்யூஎல்லின் பழைய பதிப்பு அந்த எண்ணைப் பார்த்து, அவ்வளவுக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்கப் போய், கிளம்பியவுடனே ஜிபி ஜிபியாக ராமை விழுங்கியது. வேறு சில புரோகிராம்கள், கிளம்பும் முன் எல்லா ஹேண்டிலையும் ஒருமுறை மூடிப் பார்க்கிற பழக்கத்தால், நூறு கோடி முறை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தன.

பெரிய கம்பெனிகள் இதிலெல்லாம் மாட்டாது என்று நினைக்கிறீர்களா? 2020 நவம்பர் 25. அமேசானின் கிளவுட் நிறுவனம், அமெரிக்காவின் வர்ஜீனியா பகுதியில் கினீசிஸ் என்ற தன் சேவைக்குக் கொஞ்சம் கூடுதல் சர்வர்களைச் சேர்த்தது. அங்கே ஒவ்வொரு முன்வரிசை சர்வரும் மற்ற எல்லா சர்வர்களோடும் பேச ஆளுக்கு ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) வைத்திருக்கும். கூடுதல் சர்வர் சேர்ந்ததும் ஒவ்வொரு மெஷினிலும் த்ரெட் எண்ணிக்கை கூடியது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டிருந்த வரம்பைத் தாண்டியது. நம் ஃபைல் ஹேண்டிலுக்கு அண்ணன் தம்பி முறைதான் இந்த வரம்பும். அவர்கள் நேரப்படி விடியற்காலை 5.15-க்கு அலாரம் அடித்தது. முழுதாகச் சரியானபோது இரவு 10.23. கினீசிஸை நம்பியிருந்த மற்ற சேவைகளும் சரிந்தன. வாடிக்கையாளர்களுக்கு ‘கோளாறு’ என்று அறிவிக்கும் கருவியே அவற்றில் ஒன்றை நம்பியிருந்ததால் அறிவிப்பும் தாமதமானது.

பலத்தைக் கூட்டப் போய்த்தான் அங்கே விழுந்தார்கள். “ஸ்லோவா இருக்கு, இன்னொரு சர்வர் வாங்கிப் போடுங்க” என்று நமக்கு யோசனை சொல்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். சோதித்துப் பார்க்காமல் வரம்பை ஏற்றும் வேலையையும் அவர்கள் அன்று செய்யவில்லை. புதிதாகச் சேர்த்த சர்வர்களை எடுத்துவிட்டு, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ரீஸ்டார்ட் பண்ணினார்கள். அதனால்தான் அத்தனை மணி நேரம் ஆனது. பிறகு, த்ரெட் எண்ணிக்கையைக் கண்காணிக்க அலாரம் வைப்பதாக வெளிப்படையாக எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய இடத்தில் அந்த எண்ணுக்குப் போதிய அலாரம் அதுவரை இல்லை. உங்கள் மில்லில் இருக்கிறதா?

செவ்வாய்க் கிரகத்திலும் இதன் பங்காளி ஒன்று நடந்தது. 2004 ஜனவரி 21-ல் நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி பேச்சை நிறுத்தியது. பயணத்தின்போதும் இறங்கிய பிறகும் சேர்ந்த ஃபைல்கள் நினைவகத்தில் குவிந்து, அவற்றின் பட்டியலை வைத்துக்கொள்ளவே ராம் போதாமல், மறுபடி மறுபடி ரீபூட் ஆகிக்கொண்டிருந்தது. ரீஸ்டார்ட்டால் தீராத நோய். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் அதே பட்டியலைத்தான் திரும்பப் படித்தது. பூமியிலிருந்து ஃபைல்களை அழித்த பிறகுதான் பிழைத்தது. 2010 வரை வேலை பார்த்தது.

“எங்ககிட்ட லினக்ஸ் எல்லாம் கிடையாதுங்க, விண்டோஸ்தான்” என்கிறவர்கள் நிம்மதியாக மூச்சு விட வேண்டாம். நாற்பது வயதைத் தாண்டிய கணக்குப்பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும்: டாஸ் காலத்தில் ஃபாக்ஸ்ப்ரோ கணக்கு புரோகிராம் ‘டூ மெனி ஃபைல்ஸ் ஓப்பன்’ என்று நின்றால், கான்ஃபிக்.சிஸ் ஃபைலில் ‘ஃபைல்ஸ்’ வரியில் எண்ணைக் கூட்டுவோம். அப்போது ஆரம்ப வரம்பு வெறும் 8. இன்றைய விண்டோஸில் ஹேண்டில் வரம்பு கோடியைத் தாண்டுகிறது. ஆனால் திரையில் வரையும் பொருள்களுக்கான ஜிடிஐ வரம்பு ஒரு புரோகிராமுக்கு 10,000-தான். நாள் முழுக்க ஓடும் பில்லிங் திரையில் பட்டன்கள் காணாமல் போகின்றனவா, மெனு வெள்ளையாகத் தெரிகிறதா? டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் பக்கம் போய், தலைப்பில் ரைட் க்ளிக் பண்ணி, ‘ஹேண்டில்ஸ்’, ‘ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ்’ இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மானிட்டர் மாற்றத் தேவையில்லை.

இன்னொன்று இங்கே ரொம்பச் சாதாரணம். ‘சர்வர்’ என்று சொல்லி ஒரு மூலையில் வைத்திருப்பது விண்டோஸ் 10 அல்லது 11 போட்ட சாதாரண பிசியாக இருக்கும். வெளியிலிருந்து ஒரே சமயத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் அது ஃபைல் ஷேரிங் தராது. இருபத்தோராவது கவுன்ட்டரைத் திறந்த நாளில் யாராவது ஒருவர் வெளியே நிற்பார். யார் என்பது காலையில் யார் முதலில் ஆன் பண்ணினார்கள் என்பதைப் பொறுத்தது. அது லீக் இல்லை, லைசென்ஸ். ரீஸ்டார்ட் பண்ணிப் பிரயோஜனம் இல்லை.

இணையத்தில் திறந்து வைத்த சர்வர்களுக்கு இன்னொரு ஆபத்து. 2009-ல் வெளியான ஸ்லோலோரிஸ் என்ற தாக்குதல் முறைக்கு ஒரு லேப்டாப் போதும். இணைப்புப் போட்டுவிட்டு, கேள்வியை முடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிக்கொண்டே நூற்றுக்கணக்கான இணைப்புகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டிராஃபிக் மிகக் குறைவு என்பதால் பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. ஒரே முகவரியிலிருந்து டஜன் கணக்கில் இணைப்புகள் பேசாமல் உட்கார்ந்திருந்தால், டைம்-அவுட்டைக் குறைத்து, முகவரிக்கு இத்தனை இணைப்புதான் என்று கட்டுப்படுத்தச் சொல்லுங்கள்.

தினமும் ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி போட்டு வைக்கிற வழக்கத்துக்கு நான் முழு எதிரி. கடைக்காவது பரவாயில்லை. மூன்று ஷிஃப்ட் ஓடும் ஸ்பின்னிங் மில்லில் ராத்திரி இரண்டு மணி என்பதும் வேலை நேரம்தான். அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த உற்பத்திப் பதிவு பாதியில் அறும். அதைவிட மோசம், லீக் இருப்பதே தெரியாமல் போகும். கூட்டம் கூடுகிற நாளில் இரண்டு மணி வருவதற்கு முன்பே ஹேண்டில் தீரும்.

சாஃப்ட்வேர் ஏஎம்சி போட்டிருப்பவர்கள், கோளாறு சரியானதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எந்த ஃபைல், எந்த இணைப்பு மூடப்படாமல் இருந்தது?” அதற்குப் பெயரோடு பதில் வராவிட்டால் கோளாறு சரியாகவில்லை, பில்லை பாஸ் பண்ணாதீர்கள்.

ஹேண்டில் எண்ணிக்கை பெரியதாக இருப்பது மட்டும் குற்றமில்லை. கூட்டத்தில் ஏறி, சாப்பாட்டு நேரத்தில் இறங்கினால் ஆரோக்கியம். ஏறியது இறங்கவே இல்லை, நேற்று ராத்திரியைவிட இன்று ராத்திரி கூடுதல், நாளைக்கு இன்னும் கூடுதல் என்றால் லீக். வரம்பில் பாதியைத் தாண்டினால் மெசேஜ் அனுப்பும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைப்பது பாலிடெக்னிக் படித்த பிள்ளைக்கு ஒரு மதிய வேலை.

ஆகவே, இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். ராத்திரி ஷிஃப்ட் மாறும் நேரத்தில் உங்கள் முக்கியமான புரோகிராமின் ஹேண்டில் எண்ணிக்கையையும் வரம்பையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். ஒரு வாரம் அதே நேரத்தில் தொடர்ந்து எழுதுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாஃப்ட்வேர்காரரைக் கூப்பிடுங்கள். தீபாவளி போனஸ் கணக்குப் போட ஆரம்பித்த பிறகு கூப்பிட்டால், அவருக்கும் நேரம் இருக்காது, உங்களுக்கும் இருக்காது.